வங்கியில் மொபைல் நம்பர் மாற்றும் சேவை: ஏடிஎம் நன்று, கிளை சுமார்

கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். டிஎன்பிஎஸ்சி கட்டணம், காலேஜ் ஃபீஸ், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் என்று யாராவது ஒருவர் கார்டை எடுத்து நீட்டிக்கொண்டே இருப்பார்கள். பணம் கட்டும்போது தடங்கல் வந்தால், நெட் மெதுவாக இருப்பதாலோ சர்வர் படுத்துவிட்டதாலோ வருவது குறைவு. ஓடிபி வேறு ஏதோ ஒரு நம்பருக்குப் போயிருக்கும், அதுதான் பெரும்பாலும் காரணம். எங்கள் வீட்டுக் கணக்குகளுக்காகவும், வயதானவர்களுக்குத் துணையாகப் போயும், இந்த நம்பர் மாற்றும் சேவையை எல்லா வழியிலும் பார்த்துவிட்டேன். எது எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன். வங்கிகளின் பெயர் போடவில்லை. ஒரே வங்கியிலேயே ஒரு கிளைக்கும் பக்கத்துக் கிளைக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

கார்டு நம்பர், காலாவதி மாதம், பின்பக்கம் இருக்கும் சிவிவி எல்லாம் போட்டதும் திரை மாறி ஓடிபி கேட்கும் பக்கம் வருகிறதே, அந்தச் சோதனையை நடத்துவது உங்கள் வங்கி. நம்பரை அது தன்னுடைய பதிவேட்டிலிருந்துதான் எடுக்கும். ரயில் டிக்கெட் தளத்தில் என்ன நம்பர் கொடுத்தீர்கள், விண்ணப்பத்தில் என்ன நம்பர் எழுதினீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைத்தான் நான் தினமும் யாருக்காவது சொல்கிறேன். இன்னொரு குழப்பமும் உண்டு: "ஆதார்ல புது நம்பர் ஏத்திட்டேனே அக்கா" என்பார்கள். ஆதாரில் மாற்றினால் ஆதாரில் மட்டும்தான் மாறும். வங்கிக்கு அது தானாக வந்து சேராது.

கார்டு விவரத்துக்கு மேல் வரும் இந்த இரண்டாவது சோதனையை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. ஆரம்பத்தில் பல வங்கிகளில் நாமே வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டாக இருந்தது, அப்புறம் போனுக்கு வரும் ஓடிபியாக மாறியது. அன்றிலிருந்து நம் கையிலிருக்கும் சிம்தான் கார்டின் கடைசிப் பூட்டு. சிம்மை விட்டுவிட்டால் பூட்டு வேறு யாரிடமோ இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஏடிஎம் வழியை முதலில் சொல்கிறேன். எல்லா வங்கியும் இந்த வசதியைத் தருவதில்லை, தருகிற வங்கி என்றால் இதுதான் சிறந்தது. எங்கள் வீட்டுக் கணக்கு இருக்கும் வங்கியில் கார்டைப் போட்டு, மொழி தேர்ந்தெடுத்து, பின் நம்பர் அடித்ததும் பதிவு செய்வதற்கான மெனு ஒன்று வரும். அதற்குள் மொபைல் நம்பர் மாற்றம் இருக்கும். புது நம்பரை இரண்டு தடவை அடிக்கச் சொல்லும், அடித்து முடித்ததும் புது போனுக்கு மெசேஜ் வந்துவிடும். பழைய சிம் உயிரோடு இருந்தால் அதற்கும் ஒன்று வருகிறது. வேறு யாராவது உங்கள் கணக்கில் நம்பரை மாற்றப் பார்த்தால் அந்த மெசேஜ்தான் உங்களை எழுப்பும், அதனால் இதை நான் மிகவும் மதிக்கிறேன். கார்டும் பின்னும் கையில் இருக்கிறவர்தான் மாற்ற முடியும், யாரிடமும் போய் நிற்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்கும். ஒரே குறை, திரையில் வரும் தமிழ். பதிவு, புதுப்பித்தல், இணைத்தல் என்று மூன்றும் அடுத்தடுத்து நிற்கும், எதை அழுத்துவது என்று பெரியவர்களுக்குப் பிடிபடாது. "மொபைல் நம்பர் மாற்ற" என்று நேராகப் போட்டால் என்ன? ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

நெட் பேங்கிங், ஆப் வழி. பழைய சிம் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் இது சுலபம். மாற்றத்தை உறுதி செய்ய முதல் ஓடிபி பழைய நம்பருக்குத்தான் போகும். நம்பர் போய்விட்டதால் மாற்ற வருகிறவருக்கு இது உதவாது. ஆனால் இப்படித்தான் இருக்க வேண்டும், வங்கியைக் குறை சொல்ல மாட்டேன். பழைய நம்பரைக் கேட்காமல் ஆன்லைனில் மாற்ற விட்டால், பாஸ்வேர்டைத் திருடுகிறவன் முதலில் அதைத்தான் மாற்றுவான். ஆகவே பழைய சிம்மை விடப் போகிறீர்கள் என்றால், கடைசியாக ஒரு சின்ன ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்துக்கொண்டு, வங்கி வேலையை முடித்த பிறகு விடுங்கள். பிரீபெய்ட் சிம்மை 90 நாள் தொடாமல் வைத்தால், சிம்மின் இருப்பில் 20 ரூபாயாவது இல்லாவிட்டால், கம்பெனி அதைத் துண்டித்துவிடலாம். துண்டித்த நம்பரை அடுத்த 90 நாளுக்கு வேறு யாருக்கும் தரக்கூடாது, அதற்குப் பிறகு தரலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே, போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான டிராய் இதைச் சொன்னது. அந்தப் புது ஆளுக்குப் பாவம் ஒன்றும் தெரியாது, உங்கள் கணக்கின் வரவு செலவு எல்லாம் அவர் போனில் விழுந்துகொண்டிருக்கும்.

கிளை வழியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிவம் ஒரே பக்கம்தான். பாஸ்புக், ஆதார் நகல், சில கிளைகளில் பான் நகலும் கேட்பார்கள். கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். இதுவரைக்கும் சரி. தொல்லை அதற்குப் பிறகு. வங்கிக்குள் ஒருவர் நம்பரை ஏற்றுவார், இன்னொரு அதிகாரி அதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் மாறும். ஒரே ஆள் உள்ளேயிருந்து ஏமாற்ற முடியாது என்பதற்கான ஏற்பாடு அது, எனக்கு முழு உடன்பாடு. ஆனால் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு "போங்கம்மா, மாறிடும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒப்புகைச் சீட்டு கேட்டால்தான் தருகிறார்கள். அதிகாரி விடுப்பில் இருந்தால் படிவம் தட்டிலேயே கிடக்கும். எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, பேத்தியின் நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட வந்தார். "நம்பரு மாத்தியாச்சு தாயி, பேங்குல எழுதிக் கொடுத்துட்டேன்" என்றார். கார்டு போட்டுப் பார்த்தால், ஓடிபி பக்கத்தில் தெரிந்த கடைசி இலக்கங்கள் பழைய நம்பருடையவை. கிளைக்குப் போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. ஃபீஸுக்குக் கடைசி நாள் அது. அவர் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டினார். அந்தக் கிளை மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒப்புதல் கொடுத்ததும் ஒரு மெசேஜ் அனுப்ப அவர்களுக்கு என்ன செலவு?

இன்னொரு கிளையில் வேறு மாதிரி. பணம் எடுத்தால் வரும் மெசேஜ் புது நம்பருக்கு ஒழுங்காக வருகிறது, கார்டுக்கான ஓடிபி மட்டும் பழையதற்குப் போகிறது. மெசேஜ் சேவைக்கு ஒரு பதிவு, வாடிக்கையாளர் விவரத்துக்கு ஒரு பதிவு என்று இரண்டாக வைத்திருந்திருக்கிறார்கள், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டார்கள். அதனால் படிவம் கொடுக்கும்போதே "கார்டு ஓடிபிக்கும் சேர்த்து மாற்றுங்கள், மெயில் முகவரியையும் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒரு கிளையில் இருக்கும் பெண் அதிகாரி, படிவத்தை வாங்கியதும் பழைய நம்பருக்கு அங்கேயே போன் போட்டுப் பார்ப்பார். யாராவது எடுத்தால் யார் என்று விசாரிப்பார். அப்புறம் புது நம்பருக்கு அடித்து, எதிரே நிற்பவரின் போன் மணி அடிக்கிறதா என்று கேட்பார். அவர் கையில் போன வேலை திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. கிளைகளுக்குப் பொதுவாக இரண்டரை நட்சத்திரம், அந்த மேடத்துக்கு மட்டும் ஐந்து.

கிரெடிட் கார்டு தனிக்கதை. சேமிப்புக் கணக்கில் மாற்றினால் கிரெடிட் கார்டிலும் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். பல வங்கிகளில் கார்டுப் பிரிவின் பதிவே வேறு, அங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கச் சொல்லி வைத்திருந்தால் இது இன்னும் முக்கியம். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது உங்களுக்குத் தகவல் வர வேண்டும், பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்பது விதி. தகவல் செத்துப்போன நம்பருக்குப் போனால், வேண்டாத சந்தா ஓடிக்கொண்டிருப்பதே தெரியாது.

திருட்டு நடந்தாலும் இதே கதைதான். 2017-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. வங்கி மேலும் தப்பில்லை, நம் மேலும் தப்பில்லை, வெளியாள் செய்தது என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் சொன்னால் நமக்கு நஷ்டம் கிடையாது. நான்கு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நாம் ஏற்க வேண்டும். அந்த மெசேஜ் கைக்கு வரவே இல்லை என்றால் நாம் எப்போது போய்ப் புகார் சொல்வது? பணம் போனது தெரிந்த உடனே வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் அடியுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளின் நம்பரை அப்பா கணக்கில் போட்டு வைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. பையன் ஊரில் இருக்கும்போது கணக்குத் திறந்திருப்பார்கள், அவன் நம்பர் அப்படியே தங்கிவிடும். ஓடிபி சில நிமிடம்தான் செல்லும். அவன் கத்தாரில் ஷிப்டில் இருப்பான், போன் லாக்கரில் இருக்கும். இங்கே அப்பா என் எதிரே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அவரிடமே ஒரு சின்ன பட்டன் போன் இருந்தால் போதும், அதற்கு ஓடிபி வரும். அவர் கணக்குக்கு அவர் நம்பர்தான் இருக்க வேண்டும்.

"உன் நம்பரையே போட்டுரு பிள்ள, நீதானே எல்லாம் பாக்குற" என்று கேட்கிறவர்களும் உண்டு. போட மாட்டேன். என்னை நம்பிக் கேட்கிறார்கள் என்று தெரியும், அதனாலேயே போட மாட்டேன். எந்த சென்டர்காரர், ஏஜென்ட் போடுகிறேன் என்று சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அதேபோல, "கேஒய்சி காலாவதி ஆயிடுச்சு, நம்பரை அப்டேட் பண்ண இந்த லிங்கைத் தொடுங்க" என்று வருவது எதுவும் வங்கி அனுப்பியது கிடையாது. ரிசர்வ் வங்கி சொன்னபடி வங்கிகளின் தளங்கள் இப்போது .bank.in என்ற முடிவுக்கு மாறியிருக்கின்றன, நீங்களாக வங்கித் தளத்துக்குப் போகும்போதும் முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம் தொலைந்து அதே நம்பரில் புது சிம் வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். புது சிம் இயங்க ஆரம்பித்த முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம்மை ஏமாற்றி வாங்குகிறவர்களைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த ஏற்பாடு. விண்ணப்பத்தின் கடைசி நாளில் புது சிம்மோடு வந்தால் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இரண்டாவது சோதனைக்கான ரிசர்வ் வங்கியின் புதிய விதிகளுக்கு அமல் தேதி 2026 ஏப்ரல் 1. எஸ்எம்எஸ் ஓடிபி மட்டுமே வழி என்றில்லாமல் ஆப், கைரேகை போன்ற மற்ற வழிகளையும் வங்கிகள் பயன்படுத்தலாம். ஓடிபி அதோடு நின்றுவிடாது. பல வங்கி ஆப்களைப் போனில் ஏற்றும்போதே பதிவான சிம் அந்தப் போனில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கின்றன. ஆக, நம்பர் சரியாக இருக்க வேண்டிய தேவை அப்படியே இருக்கிறது.

எந்த வழியில் மாற்றினாலும், முடிந்ததும் ஒரு பத்து ரூபாய் ரீசார்ஜை கார்டில் போட்டுப் பாருங்கள். ஓடிபி பக்கத்தில் புது நம்பரின் கடைசி இலக்கங்கள் தெரிந்தால் மாறிவிட்டது. தெரியாவிட்டால் ஒப்புகைச் சீட்டோடு கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கிளைக்குப் போகிறவர்கள் மாதத்தின் முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், பென்ஷன் கூட்டத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. பத்தாம் தேதிக்கு மேல், சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே போய்விட்டால் அதிகாரியின் ஒப்புதலையும் அங்கேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வரலாம்.