காட்பாடி குழுப் போட்டி: பேரிங் அருமை, டேபிள் ஒதுக்கீடு சொதப்பல்

வார்ஹாமர் 40,000 என்பது குட்டிப் பொம்மைப் படைகளை மேஜைமேல் நகர்த்தி, டைஸ் உருட்டிப் போரிடும் விளையாட்டு. அதன் பெரிய சர்வதேசக் குழுப் போட்டிகளில் அணிக்கு எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு ஆர்மி, அதாவது பொம்மைப் படை. வேலூர்ப் பக்கம் எட்டு ஆர்மியைத் திரட்ட முடியுமா? காட்பாடி கல்யாண மண்டபத்தில் நடந்த இந்தப் போட்டியில் ஐந்து பேர் என்று வைத்தது நல்ல முடிவு. எட்டு அணிகள், ஆளுக்கு 2000 பாயிண்ட் மதிப்புள்ள படை, ஒரே அணியில் எந்தப் படை வகையும், அதாவது எந்த ஃபேக்‌ஷனும் இரண்டு முறை வரக்கூடாது.

யார் யாரோடு மோதுவது என்று முடிவு செய்யும் பேரிங்தான் இந்தப் போட்டியின் உயிர். இரு கேப்டன்களும் தங்கள் ஆட்டக்காரர் ஒருவரின் கார்டை டிஃபெண்டராக மூடி வைத்து ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். அடுத்து, எதிரணி டிஃபெண்டர்மேல் இரண்டு அட்டாக்கர்களை மூடி வைத்துத் திறக்கிறார்கள். இருவரில் ஒருவரை டிஃபெண்டர் பக்கம் தேர்ந்தெடுக்கும். மற்றவர் கைக்குத் திரும்பிவிடுவார். இரண்டு ஆட்டம் முடிவாகி, ஆளுக்கு மூன்று கார்டு மிஞ்சும். அதையே இன்னொரு முறை செய்தால், இரு பக்கமும் ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் மோத வேண்டியதுதான்.

புது கேப்டன்கள் பலர் முதல் கார்டாகத் தங்கள் சிறந்த ஆட்டக்காரரை வைத்தார்கள். தப்பு. எதிரணி அவருக்கு ஆகாத இரண்டு பேரையே அனுப்பும். யாரோடு மோதினாலும் பெரிதாகத் தோற்காத ஆர்மிதான் டிஃபெண்டருக்கு ஏற்றது. அட்டாக்கர் ஜோடியில் ஒருவர் புலி, ஒருவர் பூனை என்று அனுப்பினாலும் வீண். எதிராளி பூனையைத்தான் எடுப்பார்.

ஏன் இவ்வளவு கணக்கு? வெற்றி தோல்வி மட்டும் போதாது, வித்தியாசமும் எண்ணப்படுகிறது. ஆட்ட ஸ்கோரில் 5 பாயிண்ட் வரை வித்தியாசம் என்றால் அணிகளுக்கு 10-10. அதற்குமேல் ஒவ்வொரு ஐந்துக்கும் 11-9, 12-8 என்று ஒரு படி ஏறும், 50 தாண்டினால் 20-0. ஆக, தோற்கிறவர் 12-8 என்று தோற்பதும் அணிக்கு உதவிதான்.

இனி குறை. முதலில் முடிவான ஆட்டத்துக்கு 1-ஆம் டேபிள், அடுத்ததற்கு 2-ஆம் டேபிள் என்று வரிசையாகக் கொடுத்தார்கள். 1-ஆம் டேபிளில் படை ஒளிய மறைவே இல்லை. தூரத்திலிருந்து சுடும் ஆர்மிக்கு விருந்து. பத்து நிமிடம் யோசித்துச் செய்த பேரிங் அங்கேயே பாழ். டிஃபெண்டர்களே டேபிள் எடுக்கட்டும்: ஒரு டைஸ் உருட்டி, ஜெயித்த அணி முதலில், பேரிங்கின் மறு சுற்றில் எதிரணி முதலில், மிஞ்சியது கடைசி ஜோடிக்கு.

சனிக்கிழமை மூன்று சுற்று வைத்ததும் அதிகம். ஆட்டம் மூன்று மணி நேரம், பேரிங் கால் மணி. மண்டபத்தை விட்டு வெளியே வர இரவு ஒன்பது. டிரா வராவிட்டால் எட்டு அணிக்கு மூன்று சுற்றிலேயே தோற்காத அணி ஒன்றுதான் மிஞ்சும். நாளுக்கு இரண்டு தாராளம். மதியம் ஆம்பூர் பிரியாணி பிரமாதம், ஆனால் நாற்பது பேருக்குக் கை கழுவ ஒரே குழாய். கத்திரிக்காய்க் கறை படாத ஆர்மி லிஸ்ட் கம்மி.

பேரிங் கார்டை மெல்லிய தாளில் அச்சடிக்காதீர்கள். மேலே ஃபேன் சுழல்கிறது. மூடி வைத்த கார்டு தானே திறந்துகொள்கிறது.