அப்பாவின் ரத்தப் பரிசோதனையும் இரண்டு லேப்களும்

இந்தத் தை மாதம் ஒசாகாவிலிருந்து மதுரைக்கு வந்திருந்தேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் வசதி அண்ணா நகரில் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலை 6.30 மணிக்கு வருவதாகச் சொன்னார்கள், 6.20க்கே வாசலில் வண்டிச் சத்தம். அப்பாவுக்கு 76 வயது, நரம்பு லேசில் அகப்படாது. "கையைத் தளர்வா வைங்க ஐயா" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரே குத்தில் எடுத்துவிட்டார் அந்தத் தம்பி. மதியமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்.

அதைப் பார்த்து அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. ஏ.எல்.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைமின் அளவு 228 என்று இருந்தது. பக்கத்தில் 40 முதல் 130 வரைதான் நார்மல் என்று அச்சிட்டு, தடித்த எழுத்தில் 'அதிகம்'. இரண்டு மாதத்துக்கு முன்னால் சிம்மக்கல் பக்கம் வேறொரு லேபில் எடுத்தபோது 94. "ஈரலுக்கு என்னமோ ஆயிருச்சும்மா" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்குச் சட்டென்று ஜப்பான் அனுபவம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே 2020 ஏப்ரலில் தொடங்கி இந்தப் பரிசோதனையின் முறையையே மாற்றினார்கள். கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் என் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. என் உடம்பில் எதுவும் மாறவில்லை, மாறியது ரீஏஜென்ட்தான், அதாவது பரிசோதனைக்காக ரத்தத்தோடு சேர்க்கும் ரசாயனம்.

விஷயம் இதுதான். என்சைமை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை, அது வேலை செய்யும் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். ரீஏஜென்டில் உள்ள ஒரு பாஸ்பேட் சேர்மத்தை ஏ.எல்.பி. உடைக்கும்போது மஞ்சள் நிறம் வரும். அந்த நிறம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதே ரிப்போர்ட்டில் வரும் எண். உடைந்த பாஸ்பேட்டை வாங்கிக்கொள்வது பஃபர் கரைசல். ஏ.எம்.பி. என்ற பஃபர் போட்டால் ஒரு வேகம், டி.இ.ஏ. என்ற பஃபர் போட்டால் அதே ரத்தம் இரண்டு மடங்குக்கும் மேல் காட்டும். எல்.டி.ஹெச். என்ற இன்னொரு என்சைமின் பரிசோதனையிலும் இதே கதை: லாக்டேட்டிலிருந்து தொடங்கும் முறையைவிடப் பைருவேட்டிலிருந்து தொடங்கும் முறையில் எண் ஏறக்குறைய இரட்டிப்பாக வரும். இரண்டுமே சரியான முறைகள்தான். ஆனால் எந்த முறையோ அதற்குரிய நார்மல் அளவைத்தான் பக்கத்தில் போட வேண்டும்.

மறுநாள் நேரிலேயே போனேன். கவுன்டரில் இருந்த பெண் முதலில், "மெஷின்ல வந்தது அதுதான்க்கா" என்றார். ரீஏஜென்ட் பெட்டியில் இருக்கும் தாளைக் காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் உள்ளே போய் எடுத்து வந்தார். டி.இ.ஏ. பஃபர், பெரியவர்களுக்கு 80 முதல் 306 வரை என்று அதில் தெளிவாக இருந்தது. கிட்டை மாற்றியிருக்கிறார்கள், கம்ப்யூட்டரில் பழைய அளவை மாற்றவில்லை. அந்தப் பெண்ணும் பதறித்தான் போனார், சாயங்காலமே திருத்திய ரிப்போர்ட் வந்தது.

அப்புறம் பழைய லேபிலேயே மறுபடி எடுத்தோம், 97. ஈரல், பித்தக்குழாய் கோளாறில் ஏறக்கூடிய ஜி.ஜி.டி.யும் நார்மல். டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எதுவும் தேவையில்லை என்றார். அன்று ராத்திரிதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஆனால் கிட் மாறிய நாளிலிருந்து இப்படி 'அதிகம்' என்று அச்சான ரிப்போர்ட்டை வாங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ. அவர்களில் கடன் வாங்கி ஸ்கேன் எடுத்தவர்களும் இருக்கலாம். எல்லோரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று லேப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விமானம் ஏறும் வரை பதில் வரவில்லை. அண்ணனை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.