கூட்டுப்புருவத்துக்கு ஊசி: கல்லடிப் பார்லர் அனுபவம்

எனக்குக் கூட்டுப்புருவம். நூல் போட்டு எடுத்தால் ரெண்டு கிழமையில் மூக்குக்கு மேலே திரும்பவும் குச்சி குச்சியாய் நிற்கும். இப்போது அதில் நரையும் வந்துவிட்டது. அதனால்தான் லேசரை விட்டுவிட்டு, மட்டக்களப்புக் கல்லடியில் எலக்ட்ரோலிசிஸ், அதாவது ஊசியால் கரண்ட் கொடுத்து முடி எடுக்கும் வேலை, செய்யும் ஒரு சின்னப் பார்லருக்குப் போனேன். லேசர் முடியின் கருநிறத்தைத்தான் சுடும், நரையைப் பிடிக்காது. கண்ணுக்கு இவ்வளவு கிட்ட அதை அடிப்பதும் ஆபத்து. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கூட லேசரை 'நிரந்தரக் குறைப்பு' என்றுதான் ஏற்கிறது. 'நிரந்தர நீக்கம்' என்று ஏற்பது இந்த ஊசி முறையைத்தான்.

முறை பழசு. சார்ல்ஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர், கண்ணுக்குள் குத்தும் இமை முடியை எடுக்க 1875இல் இதைக் கையாண்டாராம். முடித்துவாரத்துக்குள் மெல்லிய ஊசியை விட்டுக் கரண்ட் கொடுத்து வேரை அழிக்கிறார்கள். ஒவ்வொரு முடிக்கும் முசுறு கடித்தாற்போல சுள்ளென்று இருக்கும். வேர் செத்திருந்தால் முடி இழுபடாமல் வழுக்கிக்கொண்டு வரும். இழுபட்டால் வேலை சரியில்லை. பார்லரில் எனக்குச் செய்த தங்கச்சியின் கையில் எனக்கு அநேகமாக வழுக்கித்தான் வந்தது. புது ஊசியை என் கண் முன்னால்தான் பிரித்தார், அது பிடித்தது.

ஒரே தடவையில் முடியாது. புருவ முடியில் பெரும்பகுதி எந்த நேரமும் ஓய்வில் கிடக்கும். வளரும் நிலையில் பிடிபடுவதுதான் நன்றாகச் சாகும். மாதக்கணக்கில் போகவேண்டும், இடையில் நூலும் போடக்கூடாது, பிடுங்கவும் கூடாது. கத்தரிக்கலாம், அவ்வளவுதான். அந்த அரைகுறை முகத்தோடு கல்யாண வீடுகளுக்குப் போனதுதான் எனக்குப் பெரிய வேதனை.

ஊசி போட்ட இடத்தில் வரும் பொருக்கு விழும்வரை அங்கே ஒட்டுப்பொட்டு, சந்தனம், பவுடர் எதுவும் கூடாது. "பொட்டில்லாமலா மாமாங்கக் கோயிலுக்கு வாற, பிள்ள?" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். வெயிலும் ஆகாது, நம் தோலில் கருந்தழும்பு விழும். அதனால் பின்னேர நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

குறை என்றால், விலைப் பட்டியல் எங்கும் ஒட்டியில்லை. கால் மணி, அரை மணி என்று நேரக் கணக்கில் வாங்குகிறார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். கரண்ட் போனால் வேலையும் நின்றுவிடும். சின்ன அறை, ஃபேன் காற்றுத்தான். ஆனால் புருவத்தின் அடிப்பக்கத்தையும் மெலிதாக்கச் சொன்னபோது, "வேண்டாம் அக்கா, வயசு போகப் போகப் புருவம் தானாவே மெலியும். இது எடுத்தா எடுத்ததுதான்" என்று காசை விட்டுவிட்டு மறுத்தார். நடுவில் உள்ளதை மட்டும் எடுத்தோம். இன்னொருவரை நான் அங்கே அனுப்புவேன் என்றால் அதற்காகத்தான். வெட்டுக்காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள் மட்டும் முதலில் ஒரு தோல் வைத்தியரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.