தொழில்முறை ஒப்பந்தம், 1932: கையெழுத்துப் போடலாமா?

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, காசு வாங்காமல் ஆடிக்கொண்டிருந்த அமெச்சூர்களிடம் இங்கிலாந்துக் கால்பந்து லீக் கிளப்புகள் நீட்டிய தாள் இது. கடையில் பொருளைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இதையும் பார்க்கலாம்.

முதலில் பணம். கையெழுத்துக்கு 10 பவுண்டு. சம்பளம் சீசனில் வாரம் 8, கோடையில் 6. ஜெயித்தால் 2, டிரா என்றால் 1. ஆலைத் தொழிலாளி வாரம் 3 பவுண்டு அளவில் பார்த்த காலம் அது, ஆகவே நல்ல காசுதான். ஆனால் 8 என்பது உச்சவரம்பு, கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது. ஸ்டான்லி மேத்யூஸ் ஸ்டோக் சிட்டி கிளப் அலுவலகத்தில் வாரம் 1 பவுண்டுக்கு எடுபிடி வேலை பார்த்த அமெச்சூர். 1932 பிப்ரவரி 1, பதினேழாவது பிறந்தநாளன்று கையெழுத்திட்டார். சீசனில் 5, கோடையில் 3. கோடைத் தொகையை முதலிலேயே பேசி எழுதி வாங்காவிட்டால் ஜூன், ஜூலையில் கை கடிக்கும்.

அடிபட்டால்? இங்கே தாள் தேறுகிறது. 1910இல் கிரிஸ்டல் பேலஸ் கிளப் மீது வாக்கர் என்ற ஆட்டக்காரர் போட்ட வழக்குக்குப் பிறகு தொழில்முறை ஆட்டக்காரர் சட்டப்படி தொழிலாளி. காயத்துக்கு இழப்பீடு கேட்கலாம். அமெச்சூருக்கு அது கிடையாது.

ஐந்து வருடம் ஆடினால் 650 பவுண்டு வரை 'பெனிஃபிட்', அதாவது நீண்ட நாள் ஆடியதற்கான வெகுமதி, உண்டு என்பார்கள். அது கிளப் மனம் வைத்தால்தான். வரியும் பிடிப்பார்கள்: எவர்ட்டன் ஆட்டக்காரர் ஹாரிசனின் 650 பவுண்டு வருமானமே என்று 1927இல் தீர்ப்பானது. அதே வருடம் கென்ட் கிரிக்கெட்காரர் சீமோரின் பெனிஃபிட்டுக்கு வரி இல்லை என்றார்கள். கிரிக்கெட் என்றால் தனி மரியாதை!

பெரிய கோளாறு பதிவில், அதாவது ஆட்டக்காரர் இந்தக் கிளப்புக்கு உரியவர் என்று லீக்கில் எழுதிவைப்பதில், இருக்கிறது. ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு. பதிவோ கிளப் விடும்வரை. மே மாதம் யாரை விடமாட்டோம் என்று 'தக்கவைப்புப் பட்டியல்' போடுவார்கள். அதில் பெயர் இருந்து, கொடுக்கும் சம்பளத்துக்கு நீங்கள் ஒப்பவில்லையா, சம்பளமும் நின்றுவிடும், வேறு லீக் கிளப்பிலும் ஆட முடியாது. 1928இல் டேவிட் ஜாக்கை போல்ட்டனிடமிருந்து வாங்க ஆர்சனல் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்தது. புதுக் கையெழுத்துக்கு ஆட்டக்காரருக்கு விதித்திருந்த தொகை அதே 10 பவுண்டு. ஒரு சந்து இருந்தது, பிரான்ஸ்: 1932இல் அங்கே தொழில்முறை லீக் தொடங்கியதும் செல்சியின் அலெக்ஸ் செய்ன் நீம் கிளப்புக்குப் போய்விட்டார்.

திரும்பும் வழியும் குறுகல். கையெழுத்து விழுந்ததும் அமெச்சூர் கோப்பையும் அமெச்சூர் சர்வதேச ஆட்டங்களும் போயின. மறுபடி அமெச்சூராக இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் அனுமதி வேண்டும்.

கையில் வேறு பிழைப்பு இல்லாத பதினேழு வயதுப் பையன் வாங்கலாம். இரண்டு மூன்று கிளப்புகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேச வேண்டும். கையெழுத்துக்குப் பின் பேரம் கிளப்புகளுக்குள்தான் நடக்கும். உத்தியோகம் உள்ளவருக்கு அவசியமே இல்லை. பெர்னார்ட் ஜாய் பள்ளி ஆசிரியர். அமெச்சூராகவே ஆர்சனலுக்கு ஆடி, 1936இல் பெல்ஜியத்துக்கு எதிராக இங்கிலாந்துக்கும் ஆடிவிட்டார்.