கன்னியாகுமரிக்குக் குடும்பத்துடன் காரில்: நாற்கரச் சாலையா, கடலோரச் சாலையா?

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் போவதென்று வீட்டில் முடிவானதும் அடுத்து எழும் கேள்வி எந்த வழி என்பதுதான். கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலையில் புறப்பட்டு விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாக இறங்கும் நாற்கரச் சாலை ஒன்று. ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கி, புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், இராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று கடலைவிட்டு அதிகம் விலகாமல் செல்லும் வழி இன்னொன்று. இது 780 கிலோமீட்டரை நெருங்கும், இராமேசுவரத்துக்குப் போய்த் திரும்பினால் மேலும் 110 கூடும். விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் செல்வோரும் உண்டு. அது சோழநாட்டுக் கோயில்களுக்கென்றே வைத்துக்கொள்ள வேண்டிய தனிப் பயணம் என்பதால் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

நானும் என் கணவரும் மாறி மாறி ஓட்ட, முழங்கால் வலியுள்ள மாமியாரையும் பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளையும் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு இரு வழிகளிலும் போயிருக்கிறோம். என் சார்பு கடலோரத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளிப்படையான விஷயங்களை விரைவாகக் கடந்துவிடலாம். வேகத்தில் நாற்கரச் சாலைக்குப் போட்டியே இல்லை. விடியும் முன் கிளம்பினால் மாலைக்குள் கன்னியாகுமரியைத் தொட்டுவிட முடியும். கடலோரத்தில் அந்த எண்ணத்துக்கே இடமில்லை. பரனூர், விக்கிரவாண்டி, சமயபுரம், கப்பலூர், நாங்குநேரி என்று வழிநெடுகச் சுங்கச்சாவடிகள் இருப்பதைச் சிலர் பெரிய குறையாகச் சொல்வார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு இருநூறு முறை கடக்கும் ஃபாஸ்டேக் ஆண்டு அனுமதி (அறிமுகமானபோது 3,000 ரூபாய்) வந்துவிட்டதால், அடிக்கடி ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு அந்தக் குறை பாதியாகிவிட்டது. தீனி வகையிலும் நாற்கரச் சாலைக்கே முதலிடம்: சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய், திருநெல்வேலி அல்வா ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பது கடலோரத்துக்கு வாய்க்காத பேறு. தூத்துக்குடி மக்ரூனும் கீழக்கரைத் தொதலும் உடன்குடிக் கருப்பட்டியும் எதிர்வாதமாக இருக்கின்றன என்றாலும், வீட்டில் வாக்கெடுப்பு நடத்தினால் அல்வாதான் வெல்லும்.

இத்தனைக்குப் பிறகும் நான் கடலோரத்தைச் சொல்வதற்குக் காரணம் நடை சாத்தும் நேரம். தமிழ்நாட்டில் பெரியவர்களை அழைத்துக்கொண்டு செல்லும் எந்தப் பயணமும், திட்டத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும், கோயில்களைச் சுற்றித்தான் அமையும். உச்சிக்காலப் பூசை முடிந்து பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் பெரும்பாலான கோயில்களில் மாலை நான்கு மணி வாக்கில்தான் மீண்டும் திறப்பார்கள். அந்த நான்கு மணி நேரம் குடும்பம் எங்கே இருக்கும், என்ன செய்யும் என்பதற்கு விடை சொல்லும் வழியே நல்ல வழி. பயணத் திட்டம் போடுகிறவர்கள் கிலோமீட்டரையும் பெட்ரோலையும் கணக்கிடுகிற அளவுக்கு இதைக் கணக்கிடுவதில்லை.

நாற்கரச் சாலையில் இந்தக் கணக்கு எப்படி விழுகிறது என்று பாருங்கள். அதிகாலை நாலரைக்குத் தாம்பரத்தைத் தாண்டினால், சிற்றுண்டியையும் சேர்த்து, திருச்சிப் புறவழிச்சாலைக்குப் பத்தரை மணி ஆகிவிடும். நாற்கரச் சாலை எந்த ஊருக்குள்ளும் நுழையாமல் ஒதுங்கிப் போவதற்கென்றே போடப்பட்டது; அதன் வேகத்துக்குக் காரணமும் அதுதான். ஆகவே திருவரங்கத்துக்குப் போக வேண்டுமென்றால் சாலையைவிட்டு விலகி, நகர நெரிசலில் ஊர்ந்து, வண்டி நிறுத்த இடம் தேடி, வரிசையில் நின்றாக வேண்டும். அதை முடித்து மதியச் சாப்பாட்டையும் முடித்தால், மதுரைக்கு இருக்கும் 130 கிலோமீட்டரை வெயிலில் கடந்து மீனாட்சியம்மன் கோயில் மூடியிருக்கும் நேரத்தில் போய்ச் சேருவோம். கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. எட்டி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும் என்பது நமக்குச் சிறிய விஷயம், முழங்கால் வலிக்காரருக்கு அப்படியல்ல. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் போகவரச் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தை ஊர் எடுத்துக்கொள்கிறது. இதனால், 'வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு, நாள் முழுவதும் சாலையின் நடுவிலிருக்கும் அரளிச் செடிகளைப் பார்த்தபடி போய்ச் சேர்கிறார்கள் பலர்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. மேல்மருவத்தூர் சாலையோரத்திலேயே இருக்கிறது. சமயபுரத்துக்கும் மயில்கள் உலவும் விராலிமலைக்கும் அதிகம் விலக வேண்டியதில்லை. 1799 அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் அவர் நினைவிடம் சாலையை ஒட்டியே நிற்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

கடலோரத்தில் சாலை ஊர்களைத் தொட்டுக்கொண்டே போகிறது. புறவழிச்சாலைகள் வந்துவிட்ட இடங்களிலும் ஊர்கள் சிறியவை என்பதால் உள்ளே போய்வருவது எளிது. அதைவிட முக்கியம், கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவே, மதியத்தில் கதவடைக்காத ஓர் இடம் சரியான தூரத்தில் வந்து நிற்கிறது. புதுச்சேரியிலோ கடலூரிலோ சிற்றுண்டி முடித்து ஒன்பதரை, பத்துக்குள் சிதம்பரம் சேர்ந்தால், நடை சாத்துவதற்கு முன் நிதானமாகத் தரிசனம் ஆகிவிடும். அங்கிருந்து சீர்காழி, திருக்கடையூர் தாண்டி, மதிய வெயிலில் தரங்கம்பாடிக்கு வந்துசேர்வோம். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும் வரை ஊர் அவர்களிடம் இருந்தது. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1706-இல் கரையிறங்கியதும் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் இங்கேதான். கோட்டையின் கெட்டிச் சுவர்களுக்குள் நுழைந்ததும் வெயில் தெரிவதில்லை. பிள்ளைகள் பீரங்கிகளைச் சுற்றிவர, பெரியவர்கள் நிழலில் உட்காரலாம். பிறகு காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியாக மாலையில் வேளாங்கண்ணி. எல்லாத் தரத்திலும் தங்குமிடம் கிடைக்கும் ஊர் என்பதால் முதல் இரவுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சென்னையிலிருந்து அதுவரை 320 கிலோமீட்டர்தான்.

அடுத்த பகல்தான் இந்த வழியின் சிறந்த பகுதி, பலரும் அறியாத பகுதியும்கூட. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கடந்தபின் மல்லிப்பட்டினத்துக்கு அருகில் மனோரா வருகிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய எட்டடுக்குக் கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த போருக்குப் பாக் நீரிணையின் ஓரத்தில் நினைவுச்சின்னம் எழுப்பிய விந்தையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நாங்கள் போனபோது வண்டியின் பின்கதவைத் தூக்கிவிட்டு, வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். காற்று இலையைப் புரட்டாமல் இருக்க நான்கு மூலைக்கும் வற்றல் டப்பா, தண்ணீர்ப் போத்தல், என் செருப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் மாமியார் பாரம் வைத்தார். "மதுரையில இந்நேரம் பூட்டின வாசல்ல உட்கார்ந்திருப்போம்" என்றும் சொன்னார். சித்திரை, வைகாசியில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று இறங்கிவிடுவதால் இந்தக் கரையில் மதியத்தைத் தாங்க முடிகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று வலுவாக இருப்பதால் கடற்காற்று தாமதமாகத்தான் வரும். அந்த மாதங்களில் போகிறவர்கள் இந்தச் சலுகையைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மீமிசல், தொண்டி தாண்டி, நவக்கிரகங்களாக வழிபடும் ஒன்பது கற்கள் கடலுக்குள் நிற்கும் தேவிபட்டினத்தைப் பார்த்துக்கொண்டு மாலைக்குள் இராமநாதபுரம் சேரலாம். இராமேசுவரத்துக்கே போய்த் தங்குவது மேல். காலையில் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடித் தரிசனம் முடித்தால், நடை சாத்தியிருக்கும் நேரத்துக்குத் தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊரைக் கடந்து அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருப்பதால், முன்புபோல் மணலில் வேனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திரும்பும்போது பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து 2025-இல் திறக்கப்பட்ட புதிய ரயில் தூக்குப் பாலத்தைப் பார்க்கலாம். அங்கே வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் கூட்டத்தோடு சேராமல் இருப்பது உத்தமம்.

இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 120 கிலோமீட்டர், உள்ளதைச் சொன்னால், சலிப்பான பாதை. சாயல்குடி, வேம்பார் வழியெங்கும் சீமைக்கருவேலமும் பனையும்தான். தூத்துக்குடியை நெருங்கும்போது உப்பளங்களில் குவித்த உப்பு கண்ணைக் கூசவைக்கும். பிள்ளைகளைத் தூங்கவிட ஏற்ற நேரம் இது. அதன்பின் வரும் திருச்செந்தூரில் மதியம் நடை சாத்துவதில்லை என்பதால், எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும் கவலையில்லை. மறுநாள் மணல்மேட்டின் மேல் தேவாலயம் நிற்கும் மணப்பாடு, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி 90 கிலோமீட்டர்தான். திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 2024 டிசம்பர் 30-இல் திறந்த கண்ணாடிப் பாலத்துக்குப் படகில்தான் போக வேண்டும், படகு மாலையில் நின்றுவிடும். காலையிலேயே போய்ச் சேருவது அந்த வகையிலும் வசதி.

இனி இந்த வழியின் குறைகள். முதலாவது கழிப்பறை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே நாற்கரச் சாலையில் இருப்பதுபோன்ற பெரிய உணவகங்கள் அரிது; பெட்ரோல் பங்க்தான் கதி. பல இடங்களில் அங்குள்ள கழிப்பறை பூட்டியிருக்கும், எரிபொருள் நிரப்பும்போதே சாவியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதற்காகவே டேங்க் பாதியாகும் முன்பே நிரப்பும் வழக்கத்தை நாங்கள் வைத்துக்கொண்டோம். அதிராம்பட்டினத்திலும் தொண்டியிலும் பிரியாணிக்குக் குறைவில்லை. சைவம் மட்டும் உண்போர் கட்டுச்சோறு எடுத்துச் செல்வது நல்லது. இரண்டாவது, இருட்டியபின் ஓட்டவே கூடாது. பெரும்பகுதி இருவழிச் சாலை, நடுவே தடுப்பில்லை, விளக்கில்லை. மாலை மங்கும் வேளையில் பட்டிக்குத் திரும்பும் ஆடுகள் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும், அவற்றின் பின்னால் கோலுடன் வருகிறவர் ஹாரன் ஒலிக்கு அசைந்து கொடுப்பதில்லை. நாகப்பட்டினம் வரை நான்கு வழியாக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருவதால், வடக்குப் பாதியில் திடீர் மாற்றுப்பாதைகளுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பருவம். அரையாண்டு விடுமுறைதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறை என்றால் இந்த வழியை நான் சொல்லமாட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தூத்துக்குடி மாவட்டமே துண்டிக்கப்பட்டது. அந்த வெள்ளம் திருநெல்வேலியையும் விட்டுவைக்கவில்லை என்றாலும், திருச்சியிலோ மதுரையிலோ தங்கிவிடும் வாய்ப்பு நாற்கரச் சாலைக்காரர்களுக்கு உண்டு. ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்துவரும் பக்தர்களாலும், நவராத்திரியில் குலசேகரப்பட்டினம் தசரா கூட்டத்தாலும் சாலை நிறைந்துவிடும்; அந்த நாட்களையும் தவிர்க்கலாம்.

மருத்துவ வசதியைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது, எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. நாகப்பட்டினத்திலும் இராமநாதபுரத்திலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் இருநூறு கிலோமீட்டர் அளவுக்கு வரும். இதய நோயாளிகளையோ நிறைமாதக் கர்ப்பிணியையோ அழைத்துச் செல்வதாக இருந்தால், திருச்சியும் மதுரையும் இருக்கும் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன். மின்சாரக் காரில் இவ்வழியே போன அனுபவமும் எனக்கில்லை.

வண்டி ஓட்டுபவர் ஒருவரே என்றாலும், கையில் இருப்பது சனி, ஞாயிறு மட்டும் என்றாலும், நாற்கரச் சாலைதான் சரி. அப்படிப் போகிறவர்கள் திருவரங்கத்தையும் மதுரையையும் ஒரே நாளில் பார்க்க முயலாமல், முதல் நாள் நேராக மதுரை சேர்ந்து, விடுதியில் ஓய்வெடுத்து, மாலை நடை திறந்ததும் மீனாட்சியைத் தரிசிப்பது நல்லது. அடுத்த காலை கிளம்பினால் மதியத்துக்குள் கன்னியாகுமரி. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாட்களில் மட்டும் பரனூரை அதிகாலை நான்குக்குள் தாண்டிவிட வேண்டும்.

கடலோரமாகப் போனவர்களும் திரும்பும்போது நாற்கரச் சாலையையே பிடிக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். பார்க்க வேண்டியதெல்லாம் போகும்போதே முடிந்துவிடுவதால் எந்தக் கோயிலின் நடையும் நம்மைக் கட்டுப்படுத்தாது, வீட்டு நினைப்பு வந்துவிட்ட பிள்ளைகளும் நிறுத்தச் சொல்லமாட்டார்கள். திருநெல்வேலியில் அல்வா வாங்க மட்டும் ஊருக்குள் போக வேண்டியிருக்கும். கடலைமிட்டாயையும் காராச்சேவையும் கோவில்பட்டி, சாத்தூர்ச் சாலையோரக் கடைகளிலேயே வாங்கிக்கொண்டு, திருச்சியில் ஓர் இரவு தங்கினால், மறுநாள் தாம்பரத்தில் மாலை நெரிசல் தொடங்கும் முன் வீடு வந்து சேரலாம்.