வீட்டில் செய்த 4×5 கேமராவுக்கு எக்ஸ்ரே ஃபிலிம் சரிவருமா?

பலகை, பெல்லோஸ் (லென்ஸையும் பின்பலகையையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி), பழைய 150 மி.மீ. லென்ஸ் எல்லாம் கூட்டி, 4×5 அங்குலத் தாள் ஃபிலிம் போடும் கேமராவைக் கட்டி முடித்ததும் அடுத்த செலவு ஃபிலிம். கேமரா ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்கே பல தாள்கள் போய்விடும். அந்த வேலைக்கு விலை கூடிய ஷீட் ஃபிலிமைக் கொட்டுவது வீண். மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிம், அதிலும் ஃபூஜியின் சூப்பர் எச்ஆர்-யு போன்ற பச்சை உணரும் ரகம், இங்கே நன்றாகப் பொருந்துகிறது. மலிவு என்பது இரண்டாம்பட்சம். இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. ஆகவே சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தபடியே வெட்டலாம், ஹோல்டரில் (தாளை வெளிச்சம் படாமல் வைத்துக் கேமராவில் செருகும் சட்டம்) ஏற்றலாம், டெவலப் செய்யலாம்.

வாங்கும்போதே கவனம் வேண்டும். ஸ்கேன் சென்டர்களில் இன்று புழங்குவது பெரும்பாலும் பிரிண்டரில் போடும் டிரை ஃபிலிம். அது கேமராவுக்கு உதவாது. சர்ஜிக்கல் கடையில் ‘வெட் ஃபிலிம், கிரீன் சென்சிடிவ், 8×10’ என்று தெளிவாகக் கேளுங்கள். 100 தாள் பெட்டியில் 400 துண்டு கிடைக்கும்.

ஆனால் சரியாக நாலாக வெட்டினால் ஹோல்டருக்குள் போகாது. துண்டு சுமார் 100 × 125 மி.மீ. இருந்தால்தான் வழுக்கிக்கொண்டு உட்காரும். நீளத்திலும் அகலத்திலும் மொத்தம் ஒன்றரை, இரண்டு மில்லி கழிக்க வேண்டும். மூலைகளையும் லேசாக நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தாளைக் கீறும். இரண்டு பக்கமும் எமல்ஷன் (ஒளியுணர் பூச்சு) இருப்பதால் எந்தப் பக்கம் மேலே என்ற குழப்பம் கிடையாது. சிவப்பு எல்இடி பல்புகளை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சிடியில் அதன் ஒளியைப் பிரதிபலித்துப் பாருங்கள். சிவப்போடு பச்சைப் பட்டையும் தெரிந்தால் அந்தப் பல்பு ஆகாது.

கேமராவைச் சோதிக்கத்தான் இந்த ஃபிலிம் அருமை. லென்ஸை மூடி, ஹோல்டரில் ஃபிலிமை மறைக்கும் டார்க் ஸ்லைடு தகட்டை உருவி, ஐந்து நிமிடம் வெயிலில் வைத்து டெவலப் செய்யுங்கள். விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் கறுப்புக் கோடு என்றால் ஹோல்டர் பின்பலகையில் சரியாகப் படியவில்லை. நடுவில் மங்கலான திட்டு என்றால் பெரும்பாலும் பெல்லோஸ் மடிப்பின் மூலையில் ஊசித்துளை. அடுத்தது ஃபோகஸ். ஹோல்டரின் முகப்பிலிருந்து ஃபிலிம் வரை ஏறக்குறைய 4.8 மி.மீ.; ஃபோகஸ் பார்க்கும் தேய்த்த கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான பக்கமும் அதே ஆழத்தில் இருக்க வேண்டும். ஐந்தாறு பேட்டரிகளைச் சாய்வாக வரிசையில் நிறுத்தி, நடுவில் உள்ளதற்கு ஃபோகஸ் வைத்து, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். பின்னால் உள்ள பேட்டரி கூர்மையாக வந்தால் கண்ணாடி பின்தள்ளி இருக்கிறது. முன்னால் உள்ளது வந்தால் கண்ணாடி தங்கும் விளிம்பில் காகித ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய துண்டு) வைத்துச் சிறிது பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 80 என்று தொடங்கலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வேகம் நன்றாகக் குறையும். வானம் வெள்ளையாக வெளுக்கும், உதடு கறுக்கும், சிவப்புச் சேலை கறுப்பாகிவிடும். சிவப்பு ஃபில்டர் போட்டால் ஒன்றுமே பதியாது.

பலர் இதைக் கைவிடுவது டெவலப் செய்யும்போதுதான். காரணம் கீறல். டிரேயின் அடியில் உள்ள வரிப்பள்ளங்கள் கீழ்ப்பக்கத்து எமல்ஷனை உரசிவிடும். தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்றை டிரேயின் அடியில் போடுங்கள், அல்லது ஒரு தாளுக்கு ஒரு ஜிப் பையாக வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட் சீக்கிரம் எகிறும் ஃபிலிம் இது, எனவே டெவலப்பர் நீர்த்திருக்க வேண்டும்: ரோடினால் டெவலப்பர் என்றால் 1:100 (ஒரு பங்குக்கு 100 பங்கு தண்ணீர்), 20 டிகிரியில் 6 முதல் 8 நிமிடம். நம்மூர்க் குழாய்த் தண்ணீர் கோடையில் 30 டிகிரிக்கு இருக்கும். அந்தச் சூட்டில் எமல்ஷன் இளகி, விரல் பட்டாலே உரியும். ஐஸ் போட்ட தொட்டியில் பாத்திரத்தை வைத்துக் குளிரவிட்ட பிறகே இறங்குங்கள்.

ஒளிவட்டம் மட்டும் இதன் பிறவிக் குறை. பின்பக்கத்தில் ஒளியைத் தடுக்கும் பூச்சு இல்லாததால் ஜன்னல், விளக்கைச் சுற்றி வெளிச்சம் கசியும். நெகட்டிவைத் தாளோடு ஒட்டிவைத்து அதே அளவில் எடுக்கும் கான்டாக்ட் பிரிண்டில் இது உறுத்தாது, பெரிதாக்கினால் தெரியும். கூர்மை கூட்ட ஒரு வழி உண்டு. ஃபிக்ஸ் செய்து உலர்ந்த நெகட்டிவைக் கண்ணாடியில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, மேல்பக்கத்து எமல்ஷனை மட்டும் ஹைப்போகுளோரைட் பிளீச்சால் கரைத்துவிடலாம். அடர்த்தி பாதியாகும் என்பதால் அப்படிச் செய்யப்போகும் தாளுக்கு முன்கூட்டியே எக்ஸ்போஷரைக் கூட்டிக் கொடுங்கள். கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.