தசம இடமதிப்பு: கடை, கட்டம், சீட்டு, கயிறு, கால்குலேட்டர், எந்த ஆட்டம் தேறும்?

ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும் பிள்ளையிடம் 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. முப்பத்தைந்து நாலை விடப் பெரியதாயிற்றே! சரி, 0.4 என்று பதில் வந்தால் புரிந்துவிட்டது என்று விட்டுவிடலாமா? கூடாது. அடுத்து 0.73, 0.6 கொடுங்கள். இதற்கு 0.6 என்று சொன்னால், "புள்ளிக்கு அப்புறம் இலக்கம் கூடினால் எண் சின்னது" என்று அந்தப் பிள்ளை தானாகவே ஒரு விதி போட்டு வைத்திருக்கிறது. முதல் கேள்வியில் மார்க் வாங்கிக் கொடுத்ததும் அதே விதிதான்.

அதனால் தசமத்துக்கு ஒரு விளையாட்டு என்று யாராவது சொன்னால் நான் பார்ப்பது இதைத்தான்: இந்த இரண்டு தப்பு விதிகளை வைத்துக்கொண்டே ஒரு பிள்ளை அதில் ஜெயிக்க முடியுமா? முடிந்தால் அந்த ஆட்டம் தேறாது.

பெற்றோருக்கு முதலில் தோன்றுவது கடை விளையாட்டு. ரூபாய்க்கு 100 காசு என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1 முதல் இருப்பதால் தசமத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று தோன்றும். ஆனால் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. ரூபாயில் பத்தில் ஒரு பங்கான பத்துப் பைசாவை இன்றைய பிள்ளை கையில் தொட்டதே இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 3.50 என்பதை "மூணு ரூபா அம்பது காசு" என்றுதான் படிக்கிறோம். புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு முழு எண், அந்தப் பக்கம் இன்னொரு முழு எண். விலையில் எப்போதும் இரண்டு இலக்கம் இருப்பதால் 35-ஐயும் 40-ஐயும் ஒப்பிட்டாலே விடை வந்துவிடும். தப்பு விதிக்கு வேலையே வராது. கடைதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் விலையை விட்டுவிட்டு எடையில் ஆடுங்கள். அரைக் கிலோ 0.5, கால் கிலோ 0.25, நூறு கிராம் 0.1. எது கனம் என்பதைக் கையே சொல்லிவிடும்.

கட்டத்தாள் ஆட்டம் இதற்கு மேல். பத்துக்குப் பத்து கட்டம் போட்ட சதுரம்தான் ஒன்று. பகடையில் 4 விழுந்தால் நான்கு வரிசை அடிக்கலாம் (0.4), அல்லது நான்கு கட்டம் மட்டும் அடிக்கலாம் (0.04). ஆளுக்கு ஆறு உருட்டல். ஒன்றைத் தாண்டாமல் அதற்குப் பக்கத்தில் வந்தவர் வெற்றி. ஒவ்வொரு உருட்டலிலும் எந்த இடத்தில் வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும் என்பது இதன் பலம். கொஞ்ச நேரத்தில் "நூற்றுக்கு எழுபத்தெட்டு" என்று கட்டங்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள் என்பது பலவீனம். ஆயிரத்தில் ஒன்றைக் காட்ட வழியும் இல்லை.

சீட்டு ஆட்டம் பள்ளிகளில் பிரபலம். 0 முதல் 9 வரை எழுதிய அட்டைகளைக் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, 0.__ என்ற இடங்களில் வைத்துப் பெரிய எண்ணை உண்டாக்குவது. வீட்டில் சீட்டுக்கட்டுக்குத் தடை என்றால் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொள்ளலாம், அட்டை நல்ல கனமாக இருக்கும். எடுத்த அட்டையை வைத்த பிறகு மாற்றக்கூடாது என்பதால் ஆட்டம் சூடு பிடிக்கும். பரபரப்பில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு இடம் என்று வைத்தால் 0.47-க்கும் 0.39-க்கும்தான் போட்டி. 47, 39 என்று பார்க்கிற பிள்ளையும் தோற்காது. பலர் ஆடுவது இப்படித்தான்.

இதைச் சரிசெய்ய ஒரு சின்ன மாற்றம் போதும். எத்தனை அட்டை என்பதையும் பகடை தீர்மானிக்கட்டும்: 1, 2 விழுந்தால் ஓர் அட்டை, 3, 4 விழுந்தால் இரண்டு, 5, 6 விழுந்தால் மூன்று. இப்போது ஒருவரிடம் 0.6, இன்னொருவரிடம் 0.482. மூன்று அட்டைக்காரர் ஜெயித்துவிட்டதாகக் கை தட்டுவார், சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம்.

சண்டையைத் தீர்க்க ஒரு நடுவர் வேண்டுமே, அதற்குக் கயிறு. சரியாக ஒரு மீட்டர் கயிற்றை இரண்டு ஆணிகளுக்கு நடுவே கட்டுங்கள். ஒரு முனை 0, மறு முனை 1, இடையில் எந்தக் குறியும் கிடையாது. ஓர் எண்ணைச் சொன்னதும் இருவரும் ஆளுக்கொரு துணி கிளிப்பை மாட்ட வேண்டும். பிறகு அளந்து, எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறார்கள் என்று குறித்து, ஐந்து சுற்றில் பிழை குறைந்தவர் ஜெயித்தார். அளக்கத் தையல்காரர் டேப்பை எடுக்காதீர்கள். அதில் 35 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பிள்ளை மறுபடி முழு எண்ணுக்கே ஓடிவிடும். பத்து சென்டிமீட்டர் நீளத்தில் பத்து அட்டைத் துண்டு, ஒரு சென்டிமீட்டரில் பத்து, மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்கேல். 0.4 என்றால் நான்கு நீளத் துண்டு. 0.35 என்றால் மூன்று நீளம், ஐந்து குட்டி. குட்டிகள் ஐந்தும் சேர்ந்தாலும் நான்காவது நீளத் துண்டில் பாதிதான் வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு வாதம் செய்ய ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் கணிதக் கல்வி ஆய்வாளர் கே ஸ்டேசி குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்விலும், நீளத்தை வைத்துச் செய்த பொருள், கனசதுரக் கட்டைகளை விடப் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் பிடிபட்டது.

கால்குலேட்டர் ஆட்டம் செலவில்லாதது, போன் போதும். 4.736 என்று அடித்துக் கொடுத்து, மற்ற இலக்கங்கள் மாறாமல் ஒரே கழித்தலில் அந்த 3-ஐ மட்டும் 0 ஆக்கச் சொல்லுங்கள். 3-ஐக் கழித்தால் 1.736, 0.3-ஐக் கழித்தால் 4.436. 0.03-க்குத்தான் 4.706 வரும். யாரும் திருத்தத் தேவையில்லை, திரையே காட்டிக் கொடுக்கும். ஆனால் முதல் நாளே இதைக் கொடுத்தால் பிள்ளை ஊகித்து ஊகித்துத் தட்டும், அவ்வளவுதான்.

என் வரிசை: முதலில் கயிறு, ஒரு வாரம் போனதும் மாற்றிய சீட்டு ஆட்டம், கடைசியில் கால்குலேட்டர். கயிற்றுக்கு இடமில்லாத வீட்டில் கட்டத்தாள். அப்புறம், கிரிக்கெட் பைத்தியங்களிடம் ஓவர் கணக்கை வைத்துத் தசமம் சொல்லித்தரப் போகாதீர்கள். 19.5-க்கு அடுத்த பந்தில் 20 ஆகிவிடும்.